உறைக்குள் போன காரணம்

நேயர்களுக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், வானொலிப் பெட்டியை வீட்டில் வைத்திருக்கவே அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும். என் அப்பா அந்தச் சிறு புத்தகத்தை நிலப் பத்திரங்களோடு தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டுவார். ஒருமுறை புதுப்பிக்கச் சென்றவரை, முத்திரை மை தீர்ந்துவிட்டதாகச் சொல்லி மூன்று நாள் அலையவிட்டார்கள். அந்த மூன்று நாளும் பெட்டியின்மேல் துண்டைப் போர்த்தி, வந்தவர்களிடமெல்லாம் அது பழுது என்றார். திருச்சிராப்பள்ளி நிலையத்தின் கச்சேரி ஒன்றும் அதில் போயிற்று. கிடையாது என்று எவரும் சொல்லவில்லை, ஆனாலும் வீடு ஊமையாகக் கிடந்தது.

கேட்பதற்கான உரிமம் ஒழிந்துவிட்டது. ஒலிபரப்புவதற்கான உரிமம் இருக்கிறது. கோழிக்கோட்டின் மீடியாஒன் தொலைக்காட்சிக்கு 2011இல் பத்தாண்டுகளுக்குத் தரப்பட்ட அனுமதியைப் புதுப்பிக்க மறுத்து, உள்துறையின் பாதுகாப்பு ஒப்புதல் இல்லை என்று கூறி, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 ஜனவரி 31 அன்று ஒளிபரப்பை நிறுத்தியது. ஏன் என்று கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லப்படவில்லை. அது முத்திரையிட்ட உறையில் கேரள உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. நீதிபதிகள் படித்தார்கள், வழக்குத் தொடுத்தவர்கள் படிக்கவில்லை, மனு தள்ளுபடியானது. படிக்காத குற்றச்சாட்டுக்கு எந்த வழக்கறிஞரால் பதில் எழுத முடியும்? நாற்பது ஆண்டு வழக்காடிய எனக்குத் தெரியவில்லை.

உச்சநீதிமன்றம் மார்ச் 15 அன்று இடைக்கால நிவாரணம் அளித்தது. 2023 ஏப்ரல் 5 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி ஹிமா கோலி அமர்வு, தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை மட்டும் காட்டி இயற்கை நீதியை, அதாவது பாதிக்கப்படுபவரின் பதிலைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்ற நெறியை, ஒதுக்க இயலாது என்றும், அரசின் கொள்கையை விமர்சிப்பது அனுமதியை மறுக்கக் காரணமாகாது என்றும் கூறி, நான்கு வாரங்களில் புதுப்பிக்க ஆணையிட்டது. காரணத்தை உறையில் வைத்தால் தாமதத்துக்கும் மறுப்புக்கும் வேறுபாடே இல்லை என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

நிலைய நண்பர் கடிகாரத்தைக் காட்டுகிறார். வானலைகள் பொதுச்சொத்து, அவற்றை ஆளத் தன்னாட்சி அமைப்பு வேண்டும் என்று 1995இல், கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், உச்சநீதிமன்றம் சொன்னதை விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். இன்றும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைக்கிறது, அமைச்சகமே முடிவெடுக்கிறது. 2012இல் டிஜிட்டல் உரிமம் கேட்ட தமிழ்நாடு அரசு கேபிள் நிறுவனம் அதை 2017இல்தான் பெற்றது. அந்தக் கதைக்கு இன்று நேரமில்லை. வணக்கம்.