ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் யூத நடுநிலைப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியராக இருந்தவன் நான். பிற்பகலில் மட்டும்தான் எனக்கு வேலை. முற்பகல் முழுவதும் சமயக் கல்விக்கு உரியது. அது முடிந்து, பிள்ளைகள் சாப்பிட்டு, கூடைப்பந்து விளையாடி, வியர்வையோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் என் முறை. ஆங்கிலம், கணக்கு, அறிவியல் போன்ற பாடங்களுக்கு யூதரல்லாத ஆசிரியர்களை வைத்துக்கொள்வது அந்தப் பள்ளிகளில் வழக்கம்தான். அங்கே ஒரு நாள் எப்படிக் கழிகிறது, பிள்ளைகளிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பேசும்படி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள்.

யூதர்களுக்குள் பிரிவுகள் பல. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் யூதப் பள்ளிகளும் உண்டு. நான் சொல்வது ஆர்த்தடாக்ஸ் எனப்படும் மரபு வழுவாத பிரிவினரின் பள்ளிகளை. யெஷிவா என்பார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் 1886-இலேயே நியூயார்க்கில் ஏட்ஸ் கயீம் என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவின் யெஷிவாக்கள் அழிக்கப்பட்டுக்கொண்டிருந்தபோது, 1944-இல், அமெரிக்காவில் ஊர் ஊராக யூதப் பள்ளிகள் அமைக்கவேண்டும் என்று தோரா உமெசோரா என்ற அமைப்பு உருவானது. இன்றைய பள்ளிகளின் தீவிரத்துக்குப் பின்னால் அந்த இழப்பு இருக்கிறது.

கட்டுப்பாடு மிகுந்த இடம் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். பொய்யில்லை. தலையில் கிப்பா என்னும் சிறு தொப்பி எப்போதும் இருக்கவேண்டும். சட்டைக்குள் நான்கு முனைகளிலும் நூல்குஞ்சம் தொங்கும் ஆடை. ரெபி, அதாவது சமய ஆசிரியர், உள்ளே வந்தால் எழுந்து நிற்பார்கள். அவரை நேருக்கு நேர் 'நீங்கள்' என்று சொல்லாமல், 'ரெபி இன்னொரு முறை விளக்குவாரா' என்று படர்க்கையில் பேசும் பழக்கமும் உண்டு. கைபேசி கூடாது. வீட்டில் இணையம் இருந்தால் அதற்கு வடிகட்டி போட்டிருக்கவேண்டும் என்று பெற்றோரிடமே கையெழுத்து வாங்கும் பள்ளிகள் பல. ஆக, விதி பிள்ளைக்கு மட்டுமன்று, வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் பாடப் புத்தகத்தைத் திறந்துவிட்டால் காட்சி மாறிவிடும். உடையிலும் உணவிலும் அவ்வளவு கண்டிப்பாக இருப்பவர்கள், படிப்பில் பிள்ளைகளை வாய்க்கு வாய் பேசச் சொல்கிறார்கள். கேள்வி கேட்காத பையனைப் பற்றித்தான் ரெபிகள் கவலைப்படுவார்கள். நான் படித்த பள்ளியில் நேர்மாறு. அதனால் எனக்கு இது பழக நாளாயிற்று.

நாளின் தொடக்கத்துக்கு வருகிறேன். பள்ளிக்குப் பள்ளி நேரம் மாறும். பெரும்பாலும் காலை எட்டு மணியை ஒட்டித் தொழுகை. முக்கால் மணி நேரம் போல நீளும். திங்களும் வியாழனும் யூத வேதமாகிய தோராவின் சுருளை எடுத்து வாசிப்பதால் இன்னும் சற்றுக் கூடும். பதின்மூன்று வயது நிறைந்தவன் தெஃபிலின் அணியவேண்டும். தோலால் செய்த இரண்டு சிறு பெட்டிகள் அவை. உள்ளே தோராவின் நான்கு பகுதிகள் கையால் எழுதி வைக்கப்பட்டிருக்கும். ஒன்றை வலுக் குறைந்த கையிலும் மற்றொன்றை நெற்றிக்கு மேலும் வாரால் கட்டிக்கொள்வார்கள். ஏழாம் வகுப்பில் மாதத்துக்கு ஓரிருவராக இந்த வயதைத் தொடுவார்கள். தொட்டவன், கூட்டுத் தொழுகைக்குத் தேவையான பத்து ஆண்களில் ஒருவனாக எண்ணப்படுவான். நேற்றுவரை கணக்கில் வராத பையன் இன்று பத்தாவது ஆள். பார் மிட்ஸ்வா என்று நாம் கேள்விப்படும் விழா இதற்குத்தான். விழாவுக்கு அழைத்தால் வகுப்பில் எல்லாரையும் அழைக்கவேண்டும், ஒருவனையும் விடக்கூடாது என்று பல பள்ளிகள் விதி வைத்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

தொழுகைக்குப் பிறகு தோரா, அதற்கு ராஷியின் உரை. ராஷி 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் துருவா ஊரில் வாழ்ந்தவர், 1105-இல் மறைந்தார். அவர் உரை தனி எழுத்து வடிவில் அச்சாகியிருக்கும். அதைச் சிறு வயதிலேயே படிக்கப் பழகிவிடுகிறார்கள். அடுத்து மிஷ்னா, அதாவது பழைய சட்டத் தொகுப்பு. அதற்கடுத்து, முற்பகலின் பெரும் பகுதியை விழுங்கிவிடும் கெமாரா, அதாவது தல்மூத் என்னும் பெருநூலில் மிஷ்னாவை விவாதிக்கும் பகுதி. மொழி பெரும்பாலும் எபிரேயத்துக்கு உறவான அரமேயம். உயிர்க்குறிகள் கிடையாது. முற்றுப்புள்ளியோ கேள்விக்குறியோ இருக்காது. எது கேள்வி, எது பதில், எது கிண்டல் என்று படிப்பவனே கண்டுபிடிக்கவேண்டும். பக்கத்தின் நடுவில் மூலம், ஒரு பக்கம் ராஷி, மறு பக்கம் அவருடைய பேரன்மாரும் அவர்கள் வழி வந்தவர்களும் ராஷியையே மறுத்து எழுதிய குறிப்புகள். மறுப்பும் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

பிள்ளைகள் முதலில் படிக்கும் கெமாரா பெரும்பாலும் எது தெரியுமா? கடவுளைப் பற்றியது அல்ல. தொலைந்த பொருளைப் பற்றியது. கண்டெடுத்த பொருள்களில் எது எடுத்தவனுக்கு, எதை ஊரறிய அறிவித்து உரியவனைத் தேடவேண்டும்? சிதறிக் கிடக்கும் தானியம், சிதறிய நாணயங்கள், ரொட்டிக் கடைக்காரன் சுட்ட ரொட்டி, கோத்த மீன்கள் எல்லாம் எடுத்தவனுக்கே என்கிறது மிஷ்னா. அடையாளம் சொல்ல முடியாத பொருள் என்பதால், தொலைத்தவன் நம்பிக்கையை விட்டிருப்பான். ரொட்டிக்குள் காசு ஒன்று பொதிந்திருந்தால்? அது அடையாளம், அறிவித்தாகவேண்டும் என்கிறார் ஒருவர். சரி, தொலைந்ததே அவனுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் நம்பிக்கை இழந்துவிடுவான் என்றால், இப்போது எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்கிறார் அபாயே. எடுக்கலாம் என்கிறார் ராவா. இருவரும் பாபிலோனில் 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்கள். பக்கம் பக்கமாக ஆதாரம் காட்டி மோதுகிறார்கள். அப்படியானால் சிதறிய நாணயம் எடுத்தவனுக்கு என்று எப்படிச் சொன்னீர்கள், தொலைத்தது அவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கேள்வி. மனிதன் அடிக்கடி தன் பணப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்பவன், அதனால் அவனுக்குத் தெரிந்திருக்கும் என்று பதில். இதைப் படித்த அன்று வகுப்பே தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும். முடிவில் அபாயேயின் கட்சி நிற்கிறது. ஆனால் ராவாவின் வாதத்தையும் அதே உழைப்போடு சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு.

பதினோரு வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தோன்றவில்லை. பேனாவும் பந்தும் காசும் தொலைவது அவனுடைய அன்றாட வாழ்க்கை.

கற்கும் முறையும் தனி. இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவன் இழுத்துப் பாடுவது போலப் படிப்பான், மற்றவன் குறுக்கே விழுவான். இருபது பையன்கள் இப்படிப் படிக்கும் அறையை நம் தலைமையாசிரியர்கள் பார்த்தால் பிரம்பைத் தேடுவார்கள். ஆசிரியர்களிடம் நிறையக் கற்றேன், தோழர்களிடம் அதைவிடக் கற்றேன், மாணவர்களிடம் எல்லாரிடமும் கற்றதைவிடக் கற்றேன் என்று ரபி ஹனினா என்ற தல்மூத் அறிஞர் சொன்னது அவர்களுக்கு வெறும் பொன்மொழி இல்லை, வகுப்பறை விதி.

கேள்விக்கு எல்லையே இல்லையா? இருக்கிறது. அதற்கும் தல்மூத்திலேயே கதை இருக்கிறது. புறாக்கூண்டிலிருந்து ஐம்பது முழத்துக்குள் ஒரு குஞ்சு கிடந்தால் அது கூண்டுக்காரனுக்கு, ஐம்பதைத் தாண்டினால் எடுத்தவனுக்கு என்று விதி. ரபி யிர்மியா எழுந்தார். குஞ்சின் ஒரு கால் ஐம்பது முழத்துக்கு உள்ளேயும் மற்றொரு கால் வெளியேயும் இருந்தால்? கேட்டதற்காக அவரைக் கல்விக்கூடத்திலிருந்தே வெளியேற்றினார்கள். பின்னர் வேறொரு கேள்விக்கு அவர் பணிவாகப் பதில் எழுதி அனுப்பியதைப் பார்த்து மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். வகுப்புக்கு ஒரு யிர்மியா இருப்பான். அவன் பெயரைச் சொல்லமாட்டேன். ஆனால் என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் சன்னல் ஓரம் உட்காருவான்.

நடுப்பகலில் கை கழுவி, ஆசி சொல்லி ரொட்டியைப் பிட்டுச் சாப்பிடுவார்கள். உண்டபின் நீண்ட நன்றிப் பாட்டு உண்டு. கோஷர் எனப்படும் உணவு விதிப்படி இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது. வெளியே சமைத்த உணவு வளாகத்துக்குள் வரக்கூடாது. என் தயிர்சாதம் சுத்த சைவம்தான் என்று விளக்கிப் பார்த்தேன். பயனில்லை. அது அவர்கள் விதிப்படி நடக்கும் அடுக்களையில் சமைத்ததல்லவே. பழத்தோடு காலம் தள்ளினேன்.

பிற்பகல் தொழுகை முடிந்தால் எங்கள் பாடங்கள், ஐந்து மணி வரை. காலையில் வாதாடிப் பழகியவர்கள் கணக்கு வகுப்பில் மட்டும் சும்மா இருப்பார்களா? குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் மிகை எண் என்று பலகையில் எழுதினேன். இதற்கு மறுப்புச் சொன்னவர் யார் என்று கேள்வி வந்தது. நம் ஊரில் இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை. பங்கீட்டுப் பண்பை வைத்து நிறுவிக் காட்டினேன். அந்தப் பண்பை ஏற்கமாட்டேன் என்பவனுக்கு என்ன பதில் என்றான் சன்னல் ஓரத்தவன். தேடிப் பார்த்தபோது, பிரான்சிஸ் மசேரஸ் என்ற ஆங்கிலேயர் 1758-இல் குறை எண்களுக்கு எதிராக ஒரு நூலே எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. அடுத்த நாள் அதைச் சொன்னேன். வகுப்புக்குப் பெரும் நிம்மதி. எதிர்க்கட்சி இருக்கிறது, இனி விதியை மனப்பாடம் செய்யலாம்.

குறையும் சொல்லவேண்டும். நாள் மிக நீளம். நான்கு மணிக்கு மேல் பின்னங்களைக் கண்ணுக்குள் நிறுத்தப் பிள்ளைகளால் முடிவதில்லை. பொதுப் பாடங்களுக்கு எஞ்சுவது களைத்த நேரம்தான். எங்கள் பள்ளியில் அதையாவது ஒழுங்காக நடத்தினோம். ஹசிதியர் என்னும் இன்னும் கண்டிப்பான பிரிவினரின் ஆண்கள் பள்ளிகள் சிலவற்றில் ஆங்கிலமும் கணக்கும் மிகச் சொற்பம். தனியார் பள்ளிக் கல்வி பொதுப்பள்ளிக் கல்விக்குப் பெருமளவு நிகராக இருக்கவேண்டும் என்பது நியூயார்க் மாநிலச் சட்டம். அங்கே படித்து வெளியேறியவர்களும் சில பெற்றோரும் 2015-இல் புகார் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் மாநிலக் கல்வி வாரியம் அதற்கான விதிமுறைகளை நிறைவேற்றியது. சமயச் சுதந்திரத்தில் கைவைக்கிறார்கள் என்று யெஷிவாக்கள் எதிர்த்தன. என் கருத்தைக் கேட்டால், தல்மூத்தையே சாட்சிக்கு அழைப்பேன். மகனுக்குத் தோரா கற்பிப்பது போலவே ஒரு தொழிலைக் கற்பிப்பதும் தந்தையின் கடமை என்கிறது அது. நீந்தக் கற்பிக்கவேண்டும் என்றும் சிலர் சேர்க்கிறார்கள். தொழில் கற்பிக்காதவன் திருடக் கற்பிக்கிறான் என்று ரபி யெஹூதா இன்னும் காட்டமாகச் சொல்லியிருக்கிறார்.

அதே நூலில் ஆசிரியருக்கும் ஊருக்கும் உள்ள கடமைகள் வியப்பானவை. யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர்களை நியமித்து, ஆறு, ஏழு வயதில் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். நாற்பதானால் ஊர்ச் செலவில் ஓர் உதவியாளர். ஐம்பதானால் இரண்டு ஆசிரியர்கள். அடிப்பதானால் செருப்பு வாரால் மட்டும் அடி என்கிறார் ராவ் என்ற அறிஞர். படிக்கிறவன் படிப்பான், படிக்காதவன் மற்றவர்களுக்குத் துணையாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் சொல்கிறார். இன்று அடி இல்லை. மந்தமான பிள்ளையை வெளியே அனுப்பாதே என்ற பாதி மட்டும் நிற்கிறது. எல்லாப் பள்ளிகளும் அதைக் காப்பாற்றுகின்றன என்று சொல்லமாட்டேன்.

வெள்ளிக்கிழமை மதியத்தோடு பள்ளி முடியும். டிசம்பரில் நியூயார்க்கில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், அதற்குமுன் ஓய்வுநாள் விளக்கை ஏற்றியாகவேண்டும். பையில் ஒரு கேள்வித்தாள் போகும். அந்த வாரத் தோராப் பகுதியிலிருந்து இரவு உணவின்போது தந்தை கேட்பதற்கு. குளிர்காலச் சனிக்கிழமை இரவுகளில் தந்தையும் மகனும் தொழுகைக் கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்து படிப்பார்கள். சிறுவர்களை இழுக்கப் பிட்சாவும் குலுக்கல் பரிசும் உண்டு. ஞாயிறு காலையிலும் பல பள்ளிகளில் சமய வகுப்பு நடக்கும். பொதுப் பாட ஆசிரியர்களுக்கு அன்று விடுமுறை.

எட்டாம் வகுப்பின் குளிர்காலத்தில் உயர்நிலை யெஷிவாக்களுக்கான தேர்வு வரும். எழுத்துத் தேர்வு இல்லை. பையன் யெஷிவாத் தலைவர் முன்னால் உட்கார்ந்து, தயாரித்து வந்த கெமாராவைப் படித்து விளக்கவேண்டும். அவர் குறுக்கிட்டுக் கேட்பார். ஒப்பிப்பவனைவிட, மடக்கும்போது யோசிப்பவனைத்தான் எடுப்பார்கள் என்று ரெபிகள் சொல்லி அனுப்புவார்கள். சன்னல் ஓரத்துப் பையனுக்கு முதலில் போன இடத்தில் கிடைக்கவில்லை, இரண்டாவது இடத்தில் கிடைத்தது. அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேலும் படிப்பு நீளும். கணக்குக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள் என்று விசாரித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். விசாரித்தானாம். இங்கே இருப்பதைவிடக் குறைவு என்றான்.

நன்றி, வணக்கம்.