கத்தரிக்கோல் போட்டு எடுத்த பணம்

நேயர்களுக்கு வணக்கம். சென்னை மூர் மார்க்கெட் எரிந்தது 1985-இல். அதற்கு முந்தின வருஷம், அங்கே தபால்தலை விற்கிற ஒரு கடையில், பிரிக்காமல் நான்காக ஒட்டியிருந்த ஒரு தாளை இரண்டு ரூபாய்க்கு வாங்கினேன். "ரஷ்யா ஸ்டாம்பு, தம்பி" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து திருப்பினால் பின்பக்கம் பசையே இல்லை. விசாரித்தேன். அது ஸ்டாம்பு இல்லை, ரூபிள் நோட்டு.

1917-இல் ஜார் மன்னர் முடி துறந்தபின் ரஷ்யாவில் ஓர் இடைக்கால அரசு வந்தது. சில மாதங்களில் அதன் தலைவரானவர் கெரென்ஸ்கி. அவர் பெயரை வைத்தே அந்த 20, 40 ரூபிள் நோட்டுகளை ஜனங்கள் 'கெரென்கி' என்றார்கள். வரிசை எண் கிடையாது, தேதி கிடையாது, கையெழுத்தும் கிடையாது. வெட்டக்கூட நேரமில்லாமல் முழுத் தாளாகவே வெளியே விட்டார்கள். கடைக்குப் போகிறவர் தையல்காரர் மாதிரி கத்தரிக்கோல் போட்டு வேண்டியதை எடுத்துக் கொடுத்தார்.

அந்த அரசு அதே ஆண்டு கவிழ்ந்தது. கவிழ்த்த லெனினின் போல்ஷெவிக்குகளும் கெரென்கியையே தொடர்ந்து அச்சடித்தார்கள்! ஜனங்களோ ஜார் காலத்து நோட்டைப் பதுக்கிக்கொண்டு, கெரென்கியைக் கைமாற்றிவிடப் பார்த்தார்கள். புதிய ஆட்சியின் பெயரில் நோட்டு வந்தது 1919-இல்தான். 'உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள்' என்று ஏழு மொழிகளில் போட்டிருந்தார்கள். அரிசி வாங்கப் போகிறவருக்கு ஏழு மொழி எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளை எதிர்த்த தரப்பு மட்டும் சும்மா இருந்ததா? வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் அரசுக்கு நோட்டு இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 40 ரூபிள் என்று உறுதி. பிரித்துப் பார்த்தால் நோட்டில் ஜாரின் சின்னம்! அப்புறம் முத்திரை குத்தி அதை மறைத்தார்கள்.

தெற்கே அதே தரப்பின் ஜெனரல் டெனிகினின் ஆயிரம் ரூபிள் நோட்டில், மாஸ்கோ கிரெம்ளின் கோட்டையில் இருக்கிற 'ஜார் மணி' என்ற ராட்சத மணியின் படம் இருந்தது. அதனால் அதற்கு 'குட்டி மணி' என்று பெயர். இங்கிலீஷில் 'மணி' என்றாலே பணம்தான், நமக்கு அர்த்தம் தனியாகச் சொல்ல வேண்டாம். மாஸ்கோவைப் பிடித்துவிடுவோம் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் படத்தைப் போட்டார்கள் என்பது என் கணிப்பு. 1919 அக்டோபரில் அவர் படை மாஸ்கோவுக்குத் தெற்கே இருக்கிற ஒரியோல் நகரம் வரை போய்த் திரும்பிவிட்டது. அந்த மணியும் அப்படித்தான். 1735-இல் வார்த்தார்கள், 1737 தீ விபத்தில் ஒரு பெரிய துண்டு உடைந்து விழுந்தது. ஒரு தடவைகூட அது அடித்ததில்லை.