ஒய்2கே பங்குகள்: முடியும் தேதி முன்பே தெரிந்த ஒரு தொழில்

(திரையில்: கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய நிரலின் ஒரு வரி. வருடத்துக்கு இரண்டே இலக்கம்.)

இந்த 65-ஐப் பாருங்கள். ஒருவர் பிறந்த வருடம். 1999 முடியும் வரை கணினி 99-இல் 65-ஐக் கழித்து, வயது 34 என்று சரியாகச் சொல்லும். மறுநாள் வருடம் 00. பூஜ்யத்தில் 65 போனால் மைனஸ் 65. வட்டி, காப்பீடு, ஓய்வூதியம் என்று தேதியை வைத்துக் கணக்குப் போடும் எதுவும் இதில் மாட்டிக்கொள்ளும். 2000-ஆம் ஆண்டில் வரும் இந்தச் சிக்கலுக்குத்தான் ஒய்2கே என்று பெயர்.

அப்போது கணினிக்குத் தகவல் கொடுக்கப் பயன்பட்ட, துளையிட்ட காகித அட்டை ஒன்றில் 80 எழுத்துக்குத்தான் இடம். நினைவகமும் விலை அதிகம். அதனால் அந்தக் காலத்து நிரலாளர்கள் 19-ஐ விட்டுவிட்டார்கள். அந்த நிரல்கள் முப்பது வருடம் ஓடும் என்று யாரும் நினைக்கவில்லை.

(திரையில்: 00 முதல் 29 வரை ஒரு நிறம், 30 முதல் 99 வரை வேறு நிறம்.)

சரிசெய்ய இரண்டு வழி. வருடத்தை நான்கு இலக்கமாக்குவது ஒன்று. மற்றது, ஓர் எல்லையை வைத்து, 30-க்குக் கீழே இருந்தால் முன்னால் 20, மற்றதற்கு 19 என்று நிரலிடம் சொல்லிவிடுவது. கேட்க எளிது. ஆனால் ஒரு பெரிய வங்கியில் கோடிக்கணக்கான வரிகள் இருக்கும். எந்த வரியில் தேதி ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டும், மாற்ற வேண்டும், அப்புறம் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த உழைப்பால்தான் 2000 ஜனவரி 1 அமைதியாக விடிந்தது. ஒய்2கே வெறும் புரளி என்று இன்றும் சிலர் சொல்லும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

இனி பணத்துக்கு வருவோம். கனடாவைச் சேர்ந்த கணினி நிபுணர் பீட்டர் டி யாகர் 1993-இல் கம்ப்யூட்டர்வேர்ல்ட் இதழில் இந்த ஆபத்தை எச்சரித்தார். உலகம் முழுக்க 30,000 கோடி முதல் 60,000 கோடி டாலர் வரை செலவாகும் என்று கார்ட்னர் என்ற தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டது. அந்தப் பணம் யார் கைக்குப் போகும் என்று முதலீட்டாளர்கள் தேடத் தொடங்கினார்கள். டேட்டா டைமன்ஷன்ஸ், வயாசாஃப்ட், கீன், கம்ப்யூட்டர் ஹொரைசன்ஸ் போன்ற கணினி நிறுவனங்களின் பங்குகள் எல்லாம் ஒய்2கே பங்குகள் என்றே பெயர் வாங்கின. சைடெல் என்ற சேமிப்பகக் கருவி நிறுவனத்தின் பங்கும் ஏறியது. காரணம், மேட்ரிடிக்ம் என்ற ஒய்2கே நிறுவனத்தில் அது பங்கு வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு கணக்குப் போடுவோம்.

(திரையில்: இரண்டு நெடுவரிசை, 1998 மற்றும் 2000. எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.)

ஒரு நிறுவனம் பங்குக்கு 1 டாலர் லாபம் காட்டுகிறது. அதில் 60 சென்ட் ஒய்2கே வேலையில் வந்தது. லாபம் வேகமாக வளர்வதைப் பார்த்துச் சந்தை அந்த லாபத்தைப் போல் 50 மடங்கு விலை கொடுக்கிறது. பங்கு 50 டாலர். 2000-இல் அந்த 60 சென்ட் போய்விடும். மீதி 40 சென்ட். வளர்ச்சி நின்ற கம்பெனிக்கு யாரும் 50 மடங்கு தர மாட்டார்கள். 20 மடங்கு என்று வைத்தால் விலை 8 டாலர். லாபம் பாதிக்கு மேல்தான் குறைந்தது. போட்ட பணத்தில் 84 சதவீதம் போயிற்று. லாபமும் இறங்கி, அதற்குக் கொடுக்கும் மடங்கும் இறங்குவதால் வரும் அடி இது.

சந்தையும் 2000 பிறக்கும் வரை காத்திருக்கவில்லை. வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோதே இந்தப் பங்குகளில் பல உச்சத்திலிருந்து இறங்கிவிட்டன. ஒய்2கே வேலையிலேயே பெயரெடுத்த டேட்டா டைமன்ஷன்ஸை 2001-இல் லயன்பிரிட்ஜ் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது.

அப்படியானால் யாருமே ஜெயிக்கவில்லையா? ஜெயித்தார்கள். நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது.

(திரையில்: சென்னை, 1994.)

டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க வணிகத் தகவல் நிறுவனத்தின் கிளையாகச் சென்னையில் தொடங்கிய காக்னிசண்ட், 1998 ஜூனில் பங்கு 10 டாலருக்கு நாஸ்டாக் என்ற அமெரிக்கப் பங்குச் சந்தையில் வந்தது. திரட்டியது 3.4 கோடி டாலர். அந்த வருடத் தொடக்கத்தில் அதன் வருமானத்தில் 49 சதவீதம் ஒய்2கே வேலை. பாதி வருமானத்துக்குக் காலாவதி தேதி குறித்தாகிவிட்டது என்று பொருள்.

நிறுவனத்தின் தலைவர் குமார் மகாதேவாவின் வழிகாட்டலில் அவர்கள் வருமானத்தில் ஒய்2கே வேலையின் விகிதத்தைத் தாங்களாகவே குறைத்தார்கள். 1999 முதல் காலாண்டில் அது 26 சதவீதம். அதே காலாண்டில் 37 சதவீதம், வாடிக்கையாளர்களின் மென்பொருளை நிரந்தரமாகப் பராமரிக்கும் வேலையிலிருந்து வந்தது. பின்னே, தேதியைத் தேடி ஒரு வங்கியின் நிரலை வரிவரியாகப் படித்தவருக்கு, அந்த நிரல் எப்படி ஓடுகிறது என்பதும் தெரிந்துவிடுகிறது அல்லவா?

1999-இல் பங்கு வாங்க நினைத்த ஒருவர் பார்க்க வேண்டியிருந்தவை இந்த 49, 26, 37 என்ற மூன்று எண்கள்தான்.