இடிக்க வேண்டியது ஃபால்ஸ் சீலிங்கை மட்டும்தான்!

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம்.

"இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள பழைய பள்ளிக் கட்டடங்கள் பிள்ளைகளுக்கு வரமா, சுமையா?" இதுதான் தலைப்பு. பக்குவமாகப் புதுப்பித்தால் வரம் என்பது எங்கள் கட்சி. சுமை என்று பேசிய தம்பி இருட்டு, புழுக்கம், ஈரம் என்று அடுக்கினார். மூன்றும் உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் தம்பி ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார் ஐயா!

1870இல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. மறு ஆண்டே லண்டன் பள்ளி வாரியத்துக்குக் கட்டடக் கலைஞராக வந்தார் இ. ஆர். ராப்சன். நெருக்கடியான தெருக்களில், சுற்றியுள்ள கூரைகளுக்கு மேலே எழும்பி வெளிச்சம் பிடிக்கும் செங்கல் பள்ளிகளைக் கட்டினார். வகுப்பறைக்குள் வெளிச்சம் இடப்பக்கமிருந்துதான் வர வேண்டும் என்றார். வலது கையால் எழுதும் பிள்ளையின் கை நிழல் எழுத்தின் மேல் விழக்கூடாதாம்! (இடது கைப் பிள்ளைகளை மனிதர் மறந்துவிட்டார், எதிரணி குறித்துக்கொள்ளலாம்.)

நிழலுக்கே கணக்குப் போட்ட கட்டடம் இருண்டது எப்படி? என் மகள் லண்டனில் படித்த பள்ளியில் இரண்டு ஆள் உயர ஜன்னல். சூடு மேலே போய் வீணாகிறதென்று பிற்காலத்தில் யாரோ ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள்; ஜன்னலின் மேல்பாதி அதற்குப் பின்னால் போனது. கீழ்ப்பாதியில் பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து, பலகை சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. மேலே சூடான காற்று வெளியேறவும் கீழே குளிர்ந்த காற்று நுழையவும் செய்த சாஷ் ஜன்னல் அது; கயிற்றில் தொங்கி மேலும் கீழும் ஓடும் இரண்டு பலகை. ஒருவன் வாயையும் மூக்கையும் பொத்திவிட்டு, "இவனுக்கு மூச்சு வரவில்லை, தூக்குங்கள்" என்பதா?

ஈரத்தின் கதையும் இதுதான். அந்தச் சுவரின் சுண்ணாம்புச் சாந்து, உள்ளே போன ஈரத்தை இடுக்கு வழியே வெளியே விடும். பின்னால் வந்த மேஸ்திரி "உறுதியாக இருக்கட்டும்" என்று செங்கல் இடுக்குகளைச் சிமெண்டால் பூசி அடைத்தார். ஈரத்துக்கு வழி செங்கல் மட்டும்தான். குளிர்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் தோலாக உரிகிறது. சிமெண்டைச் சுரண்டிச் சுண்ணாம்பு வையுங்கள், ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றி எறியுங்கள், கயிறு மாற்றி ஜன்னலை ஓடவிடுங்கள், குளிருக்கு உட்புறம் இன்னொரு கண்ணாடி போடுங்கள். பக்குவம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

புதிதாகக் கட்டினால் பத்திரமாம்! 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாட்களே இருக்க, 100க்கும் மேற்பட்ட பள்ளிகளில் சில கட்டடங்களை மூடச் சொன்னது அரசு. காரணம், 'ராக்' (RAAC) எனப்படும், காற்றுக்குமிழி நிறைந்த இலகுவான கான்கிரீட். அது விக்டோரியா காலத்துச் சரக்கல்ல, பிரிட்டனில் 1950களிலிருந்து வந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1954இல் முடிந்த ஹன்ஸ்டன்டன் பள்ளி, கட்டடக் கலைஞர்களான ஸ்மித்சன் தம்பதியர் எஃகிலும் கண்ணாடியிலும் வடித்தது, பட்டியலில் 'கிரேடு II*', அதாவது மேலிருந்து இரண்டாவது தரம். குளிரில் நடுங்கவும் வெயிலில் வேகவும் வைத்த கட்டடம். அங்கே குற்றம் பிறவியிலேயே இருந்தது. அதையும் திருத்தத்தான் வேண்டும். பட்டியல் என்றால் தொடாதே என்றல்ல, கேட்டுவிட்டுத் தொடு என்று பொருள். சக்கர நாற்காலிப் பிள்ளைக்கு லிப்ட் வேண்டாமா என்றார் தம்பி. கட்டாயம் வேண்டும்! பின்பக்கம் தனிக் கூண்டாக நிறுத்தி, வாசல் மட்டும் பழைய சுவரில் திறக்கலாம்.

கடைசியாக ஒரு போடு போட்டார்: "ஆண்பிள்ளைக்கு ஒரு வாசல், பெண்பிள்ளைக்கு ஒரு வாசல் என்று கல்லில் செதுக்கிய கட்டடத்தையா காப்பது?" ஐயா, என் மகளின் பள்ளியிலும் அந்தக் கல் இருந்தது. யாரும் கொத்தி எடுக்கவில்லை. 'பையன்கள்' என்று செதுக்கிய அந்த வாசல் வழியாகத்தான் அவள் ஆறு வருடம் உள்ளே போனாள்.