பெட்டி வருமுன் மின்சாரம் வரட்டும்

பெங்களூர்த் தமிழ் வானொலி நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளாக வேதியியல் கற்பித்து வரும் நான், இன்று சோதனைக் குழாய்களை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்துக் கணினி அறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஒரு பொருளில் எலெக்ட்ரான்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதைக் கணக்கிட்டு அதன் பண்புகளை முன்கூட்டியே அறியும் முறைகளை உருவாக்கியமைக்காக, வால்டர் கோனும் ஜான் போப்பிளும் 1998இல் நோபல் பரிசு பெற்றார்கள். கோனின் வழியைத்தான் இன்று வேதியியலாரும் இயற்பியலாரும் பெரிதும் பின்பற்றுகிறார்கள். கணினியில் அவ்வழியில் கணக்கிடும்போது, பொருளின் அணுக்களை இரண்டு மடங்காக்கினால் கணக்கு வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகிவிடும். ஆகவே, 'புதுக் கணினி எட்டு மடங்கு வேகம்' என்று விற்பவர் சொன்னால், 'இரண்டு மடங்கு அணுக்கள்' என்றுதான் எங்கள் காதில் விழும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்வி நிறுவனத்தில், நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டும் என்று மார்ச் மாதத்தில் அவசரமாக ஒரு கணினித் தொகுதியை, அதாவது ஒன்றாக இணைந்து வேலை செய்யும் பல கணினிகளை, வாங்கினார்கள். பெட்டிகள் வந்திறங்கிய பிறகுதான், அந்த அறையின் மின் இணைப்பு அவற்றைத் தாங்காது என்பது தெரிந்தது. தாழ்வாரத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த பெட்டிகளில் ஒன்றின்மேல் காவலாளி தம் டிபன் கேரியரை வைத்திருந்ததை நானே பார்த்தேன். உத்தரவாதக் காலமோ பெட்டி வந்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது! கணினி உண்ணும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகவே வெளியேறும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பத்துக் கிலோவாட் தொகுதியை ஓட்டுவது, ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் பத்தை மூடிய அறையில் இரவு பகலாக எரியவிடுவதற்குச் சமம். ஆகவே சொல்கிறேன்: முதலில் மின்சாரம், அடுத்துக் குளிர்சாதனம், அதற்குப் பிறகே கணினி.

அடுத்தது, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலைப்பின்னல். ஒரே கணக்கைப் பல கணினிகள் பங்கிட்டுச் செய்யும்போது, வலைப்பின்னல் மெதுவாக இருந்தால், அவை ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருக்க நேரிடும். எவ்வளவு விரைவான வண்டி வாங்கினாலும் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நின்றுதானே போக வேண்டியிருக்கிறது?

நம் நகரின் இந்திய அறிவியல் கழகத்தில், 3.3 பெட்டாஃபிளாப், அதாவது நொடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்குகள் செய்யும் திறன்கொண்ட பரம் பிரவேகா என்னும் மீத்திறன் கணினி 2022இல் செயல்பாட்டுக்கு வந்தது. அத்தகைய பெரிய கணினியை எல்லாப் பல்கலைக்கழகங்களும் வாங்க வேண்டியதில்லை. அன்றாடக் கணக்குகளுக்குச் சிறியதொரு தொகுதி போதும்.

தொகுதியைப் பராமரிக்கும் பணியாளரைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். ஆனால் நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். அந்தப் பணியாளருக்கான ஐந்தாண்டுச் சம்பளத்தையும் கருவி வாங்கும் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுங்கள் என்று மட்டும் பல்கலைக்கழகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.