பழைய அணு சீக்கிரம் சிதையுமா?

பாபநாசம் பக்கத்தில் வாழை சாகுபடி செய்யும் அன்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பொட்டாஷ் உரத்தில் கதிரியக்கம் உண்டு என்றீர்கள். அதிலுள்ள பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை பூமி தோன்றிய நாள் முதலே இருப்பது என்றால், அது முடியும் தறுவாயில்தானே இருக்க வேண்டும்? இத்தனை காலம் சிதையாத அணு இன்றைக்கு ஏன் சிதைகிறது?" இந்தக் கேள்வி வந்ததிலிருந்து என் மனம் வேறெதிலும் ஒட்டவில்லை.

தொடர்ந்து பார்ப்பவர்கள் முன்பே கேட்டதுதான்; ஆனாலும் மறுபடியும் சொல்கிறேன், அணுக்கருவுக்கு மூப்பு கிடையாது. எடுத்து வைத்த விதைநெல்லுக்கு வயது ஏற ஏற முளைப்புத் திறன் குறைகிறது. அணுக்கருவுக்கு அப்படி எதுவும் நேர்வதில்லை. பொட்டாசியம்-40இன் அரை ஆயுள், அதாவது இருக்கும் கருக்களில் பாதி சிதைந்துபோக ஆகும் காலம், ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். பூமியின் வயதோ சுமார் 454 கோடி ஆண்டுகள் என்பதால், தொடக்கத்தில் இருந்ததில் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவே இன்று எஞ்சியிருக்கிறது. அப்படி எஞ்சிய ஒவ்வொரு கருவுக்கும் அடுத்த ஆண்டில் சிதையும் வாய்ப்பு, முதல் ஆண்டில் இருந்த அதே வாய்ப்புதான், இம்மியும் கூடவில்லை. இன்று சிதையும் கருவை இன்று சிதையச் சொல்லித் தூண்டுவது எதுவுமில்லை.

இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியத்தில் பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்றுக்குச் சற்று மேல்தான் இந்த வகை. இருந்தும், உங்கள் கொட்டகையில் கிடக்கும் 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் ஏறத்தாழ 25 கிலோ பொட்டாசியம் இருப்பதால், அதில் நொடிக்கு ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் சிதைகின்றன. அஞ்ச வேண்டாம், அவற்றிலிருந்து வரும் பீட்டா கதிர்களில் (கருவிலிருந்து பாய்ந்து வரும் எலக்ட்ரான்களில்) பெரும்பகுதி உரத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நம் உடலிலுள்ள பொட்டாசியத்திலேயே நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேல் சிதைவுகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

இது ஏன் சிதைகிறது, சிதைவதென்றால் ஏன் இத்தனை தாமதம் என்று நீங்கள் கேட்டிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். இந்தக் கருவில் 19 புரோட்டான்களும் 21 நியூட்ரான்களும் உள்ளன. இரண்டுமே ஒற்றைப்படை என்பதால், ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் இணையில்லாமல் நிற்கின்றன. ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் 20, 20 என்று கால்சியம்-40 ஆகலாம். எலக்ட்ரான் ஒன்றைக் கவர்ந்து ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறினால் 18, 22 என்று ஆர்கான்-40 ஆகலாம். இரண்டிலும் எல்லாம் இணைசேர்ந்து ஆற்றல் குறைகிறது. நூற்றுக்கு 89 கருக்கள் முதல் வழியிலும் ஏறக்குறைய 11 இரண்டாம் வழியிலும் போகின்றன. வழி திறந்திருந்தும் தாமதம் எதனால் என்றால், பொட்டாசியம்-40இன் தற்சுழற்சி (கருவுக்கே உரிய சுழல் உந்தத்தின் அளவு) 4, கால்சியம்-40இன் தற்சுழற்சி சுழியம். அந்த நான்கு அலகு வேறுபாட்டையும் வெளியேறும் எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோ என்ற மிகச் சிறிய துகளும் சேர்ந்து சுமந்தாக வேண்டும், அது மிக மிக அரிதாகவே கூடிவருகிறது. இந்த ஒரு தடை இல்லாதிருந்தால், பூமி உருவாவதற்கு முன்பே பொட்டாசியம்-40 பூண்டோடு தீர்ந்திருக்கும்.

இரண்டாம் வழியில் பிறந்த ஆர்கான்தான் இன்று காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காக நிற்கிறது. உருகிய பாறையிலிருந்து ஆர்கான் வெளியேறிவிடும், பாறை இறுகியபின் பிறப்பது உள்ளேயே சிறைப்படும். அதை அளந்துதான் தக்காணத்தின் எரிமலைப் பாறைகளுக்குச் சுமார் 6.6 கோடி ஆண்டு வயது என்று கணித்திருக்கிறார்கள்.