கிடைக்காமல் போன அந்த ஒரு வாக்கு

வணக்கம் நண்பர்களே. ஜப்பானிய பேஸ்பால் ஆட்டக்காரர் இச்சிரோ சுசுகியைப் பற்றித் தனியாக ஒரு காணொளி செய்கிறேன் என்று பலமுறை சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன்; இனித் தள்ளிப்போட மனம் வரவில்லை. 2025 ஜூலை 27 அன்று அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் அவர் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டதை நள்ளிரவு தாண்டியும் கண்விழித்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 9 அன்று அவர் ஆடிய சியாட்டில் மரைனர்ஸ் அணி அவருடைய 51ஆம் எண்ணுக்கு, இனி யாரும் அதை அணியாதபடி, நிரந்தர ஓய்வளித்ததையும் பார்த்தேன். இரண்டுமே மகிழ்ச்சிதான். ஆனாலும் ஜனவரியில் மூண்ட எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

புகழ் மண்டபத்தில் யாரைச் சேர்ப்பது என்று ஜனவரியில் வாக்களித்த பேஸ்பால் எழுத்தாளர்கள் 394 பேர். இச்சிரோவுக்குக் கிடைத்தவை 393. அந்த ஒருவர் யார் என்பது இன்றுவரை வெளியில் வரவில்லை. பந்துவீச்சாளர் மரியானோ ரிவேராவுக்கு 2019இல் அனைவரும் வாக்களித்தார்கள். அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெருமை கிட்டியதில்லை. இச்சிரோவுக்கு அது கிட்டியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. அந்த எழுத்தாளரைத் தம் வீட்டுக்கு அழைத்து உபசரிக்க விரும்புவதாக முதலில் சொன்ன இச்சிரோ, ஜூலை உரையில் அந்த அழைப்பு காலாவதியாகிவிட்டது என்று அறிவித்தார். அதைக் கேட்டபோது நான் இருக்கையிலிருந்து எழுந்து கைதட்டினேன்.

அமெரிக்காவில் அவர் அடித்த ஹோம் ரன்கள் (பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடிப்பவை) 117 மட்டுமே என்று குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அறவே பிடிக்காத வாதம் இது. 2004ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ் சிஸ்லர் 1920இல் ஒரே பருவத்தில் எடுத்த 257 ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஓடி, களத்தின் மூலைகளில் உள்ள பேஸ்களில் ஒன்றைப் பாதுகாப்பாக அடைவது) என்ற சாதனை 84 ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதை இச்சிரோ 262 ஹிட் எடுத்து முறியடித்தார். அவற்றில் 225 ஒற்றை பேஸ் ஹிட்டுகள், வெறும் 8 ஹோம் ரன்கள். இச்சிரோவைப் போல இடக்கையால் மட்டை பிடிப்பவர் முதல் பேஸுக்கு ஓரிரு அடி நெருக்கமாக நிற்கிறார். இச்சிரோவோ பந்தை அடிக்கும்போதே உடலை ஓட்டத்துக்குத் திருப்பிவிடுவார். உள்களத்தில் மெதுவாக உருளும் பந்தைத் தடுப்பாளர் பாய்ந்து எடுத்து எறிவதற்குள் இவர் பேஸை மிதித்திருப்பார். இதைக் கலை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். சற்றுப் பின்னால் போக வேண்டும். அமெரிக்காவில் முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 27. அதற்கு முன்பே ஜப்பானில் ஓரிக்ஸ் அணிக்காக 1,278 ஹிட் எடுத்திருந்தார்; 1994 முதல் 2000 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ந்து அந்நாட்டின் பசிபிக் லீக்கின் மட்டைவீச்சுப் பட்டத்தை வென்றிருந்தார். இத்தனையும் முடித்துவிட்டு வந்தவர், 2001இல் சிறந்த புதுமுகம், மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆகிய இரு விருதுகளையும் ஒரே பருவத்தில் வாங்கினார். அமெரிக்காவில் மட்டும் 3,089 ஹிட் சேர்த்தார்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். 2001 ஏப்ரல் 11, ஓக்லாந்து மைதானம். முதல் பேஸில் நின்ற ஓக்லாந்து ஆட்டக்காரர் டெரன்ஸ் லாங், இச்சிரோ தடுத்து நின்ற ரைட் ஃபீல்டுக்கு, அதாவது வலப்புற வெளிக்களத்துக்கு, பந்து போனதைப் பார்த்ததும் இரண்டாம் பேஸைத் தாண்டி மூன்றாம் பேஸை நோக்கி ஓடினார். இச்சிரோ பந்தை எடுத்து எறிந்த எறி, தாழ்வாக, நேர்க்கோடாக வந்து மூன்றாம் பேஸ் தடுப்பாளரின் கையுறையில் விழுந்தது. லாங் அவுட். அந்தப் பருவத்தில் தொடங்கி தொடர்ந்து பத்து ஆண்டுகள் சிறந்த தடுப்பாட்டத்துக்கான தங்கக் கையுறை விருது பெற்றவரை வெறும் மட்டையாளராக எடை போடுவது தவறு.

கையுறை என்றதும் நினைவுக்கு வருகிறது. சென்ற காணொளியில் காட்டினேனே, 2,800 ரூபாய்க்கு வாங்கிய கையுறை, அதன் தோல் வார் இரண்டே வாரத்தில் தளர்ந்து, விரல்களுக்கு இடையே பந்து வழுகி விழத் தொடங்கியது. விற்றவர்கள் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். முழு ஞாயிற்றுக்கிழமையும் அமர்ந்து, கம்பியை வளைத்து ஊசியாக்கி, ஒவ்வொரு துளையிலும் வாரைக் கோத்து இறுக்கிக் கட்டினேன். இப்போது பந்து அசையாமல் நிற்கிறது, பாருங்கள், இதோ! இச்சிரோ தம் உரையில் இதைத்தான் சொன்னார்: கையுறையின் வார் தளர்ந்ததாலோ காலணியைத் துடைக்க மறந்ததாலோ பிழை நேரக் கூடாது என்பதற்காகத் தம் கருவிகளைத் தாமே பேணினார். அந்த வரியைக் கேட்டபோது என் மடியில் இந்தக் கையுறை இருந்தது.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. 2019 மார்ச் 21 அன்று டோக்கியோ டோமில் அவருடைய கடைசி ஆட்டம் முடிந்த பிறகும் ரசிகர்கள் எழுந்து போகாமல் காத்திருந்தார்கள். அவர் மீண்டும் களத்துக்கு வந்து கையசைத்தார். அந்த ஒரு வாக்கைத் தர மறுத்தவர் அந்தக் காட்சியை ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.